தீர்ப்பைத் தள்ளிப்போட்ட நடுவர்

விஷ்ணுப்ரியாவின் வீட்டில் காலையில் சண்டை வந்தால், அதற்குக் காரணம் ஒரு கோப்பையாகத்தான் இருக்கும். மஞ்சள் பூப்போட்ட அந்தக் கோப்பை அம்மாவுடையது. அதில் என்ன ஊற்றுவது என்பதில்தான் தகராறு.

"இன்னைக்கு தே ஓ," என்றார் அப்பா வாசு, அடுப்பு முன்னால் நின்றபடி.

மலேசியாவின் கிள்ளானில் எந்தக் கடைக்குப் போய் 'தே ஓ' என்று கேட்டாலும் பால் சேர்க்காத தேநீர் வரும். 'கோப்பி ஓ' என்றால் பால் சேர்க்காத காப்பி.

"நேத்து கோப்பி ஓதான் நல்லதுன்னீங்க?" என்றார் அம்மா மலர்விழி.

"அது நேத்து லா. பக்கத்து வீட்டு பூமணி ஆன்டி அப்படிச் சொன்னாங்க. அப்புறம் ராத்திரி குரு ஒரு வீடியோ அனுப்பினான். கோப்பி குடிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்குமாம். தேதான் நல்லதாம்."

"போன வாரம் அதே குரு, தே குடிச்சா உடம்பு காஞ்சிடும்னு வீடியோ அனுப்பலையா?"

அப்பா கரண்டியால் தலையைச் சொறிந்தார். "அனுப்பினான்தான்."

குரு என்பவர் ப்ரியாவின் சித்தப்பா. பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறார். கண்ணில் படும் வீடியோ எதுவானாலும் அதை அண்ணனுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஒரு வீடியோவில் காப்பி அமிர்தம், தேநீர் விஷம். அடுத்த வீடியோவில் எல்லாம் தலைகீழ். அப்பா இரண்டையும் நம்பிவிடுவார்.

ப்ரியா ரொட்டியை மைலோவில் தோய்த்துக்கொண்டே அப்பாவையும் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள். அவளுக்குத் தலை சுற்றியது.

இத்தனை குழப்பம் எதற்கு? அம்மாவின் வயிற்றில் ஒரு பாப்பா இருந்தது. ஆனால் அம்மாவின் ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவாக இருந்தது. கிளினிக்கில் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அம்மா ஒருநாள்கூட விடாமல் அதைச் சாப்பிட்டார். ஆனாலும் ரத்தம் ஏறவே இல்லை. நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கியது.

அவர்கள் வீடு ஃபிளாட்டின் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. அதனால் அப்பா ஒரு சின்ன பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வைத்திருந்தார். அம்மா படியேறும்போது அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார். ஒவ்வொரு மாடியிலும் முக்காலியைப் போடுவார். அம்மா உட்காருவார், மூச்சு வாங்குவார், எழுந்திருப்பார். பார்க்கிறவர்கள் சிரித்தாலும் அப்பா கவலைப்பட மாட்டார்.

போன தடவை டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த பரிசோதனையிலும் ரத்தம் ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாராம். அங்கே வார்டில் தங்கி, ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டுமாம்.

அம்மாவுக்கு ஊசி என்றால் குலைநடுக்கம். ப்ரியாவுக்கோ அம்மா இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த அடுத்த பரிசோதனை நாளைக்கு.

"இந்தா, மாத்திரை," என்று அப்பா அம்மாவின் கையில் வைத்தார். கோப்பையையும் நீட்டினார். "சூடா ஊத்திக் குடி. அப்பதான் நல்லா கரைஞ்சு ரத்தத்துல சேரும். பால் ஒரு சொட்டு இல்ல, பாத்துக்க!"

பால் விஷயத்தில் அப்பா அத்தனை கண்டிப்பு. மாத்திரை வாங்கிய அன்றே அம்மா கிளினிக் மிஸ்ஸியிடம், "பாலோட சாப்பிடலாமா?" என்று கேட்டிருந்தார். மிஸ்ஸி என்றால் நர்ஸ். "பாலோட வேணாம்," என்றார் மிஸ்ஸி. அன்றைக்கே அப்பா டின் பாலை அலமாரியின் உச்சித் தட்டில் ஒளித்து வைத்துவிட்டார்.

அம்மா மாத்திரையை வாயில் போட்டு தே ஓவைக் குடித்தார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

*

அன்று பள்ளியில் பட்டிமன்றம். உடல்நலத்துக்கு ஏற்றது காப்பியா, தேநீரா? குமுதா டீச்சர் தலைப்பைப் போன வாரமே கொடுத்திருந்தார்.

"காப்பி அணி ஜன்னல் பக்கம். தேநீர் அணி அலமாரி பக்கம்," என்றார் டீச்சர்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தடதடவென்று இரண்டு பக்கமும் ஓடினார்கள். புழுதி அடங்கியபோது வகுப்பின் நடுவில் ப்ரியா மட்டும் நின்றிருந்தாள்.

"ப்ரியா, நீ எந்தப் பக்கம்?"

"தெரியல டீச்சர்."

"உங்க வீட்ல காலையில என்ன குடிப்பாங்க?"

"முந்தாநாள் தே ஓ, நேத்து கோப்பி ஓ, இன்னைக்கு மறுபடியும் தே ஓ. நாளைக்கு என்னன்னு சித்தப்பா வீடியோ வந்தாதான் தெரியும்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். "அப்ப நீதான் இன்னைக்கு நடுவர். வா, என் நாற்காலியில உக்காரு."

டீச்சரின் நாற்காலி உயரம். ப்ரியாவின் கால் தரையில் படவில்லை. ஆனாலும் நடுவர் நடுவர்தானே! அவள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

காப்பி அணியிலிருந்து ரிஷி எழுந்தான். "நடுவர் அவர்களே! காப்பி குடித்தால் சுறுசுறுப்பு வரும்! கல்லீரலுக்கு நல்லது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்! என் மாமா காப்பி குடித்துவிட்டுத்தான் லோரி ஓட்டுகிறார். ஒருநாளும் கண் அயர்ந்தது இல்லை!"

சரியாகத்தான் இருக்கிறது என்று ப்ரியா நினைத்தாள்.

தேநீர் அணியிலிருந்து சுரேகா துள்ளி எழுந்தாள். "நடுவர் அவர்களே! காப்பியில் காஃபின் அதிகம். தேநீரில் குறைவு. தேநீர் இதயத்துக்கு நல்லது! ரிஷியின் மாமாவுக்கு லோரியில் மட்டுமல்ல, வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வராது!"

"எங்க மாமாவ ஏன் இழுக்கிற?"

"நீதானே முதல்ல இழுத்த!"

"அமைதி! மாமாவை யாரும் இழுக்கக் கூடாது," என்றாள் நடுவர். சுரேகா சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை. யார் எழுந்து பேசினாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருந்தது. வீட்டில் இருந்த குழப்பம் பையில் ஏறி அவளோடு பள்ளிக்கு வந்துவிட்டது.

அடுத்து காப்பி அணியில் பிரவின் எழுந்தான். அவன் அதிகம் பேசாதவன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். "நடுவர் அவர்களே, சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்புக்குள் போகவிடாமல் தேநீர் தடுக்கும். அப்புறம் ரத்தம் குறையும். ஆகவே தேநீர் கெட்டது!"

காப்பி அணி மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தது.

"பொய்க் கணக்கு காட்டுறாங்க!" என்று சுரேகா கத்தினாள். "நடுவர் அவர்களே, நானும் அதைப் படித்தேன். காப்பியும் தடுக்கும்! தங்கள் குற்றத்தை மட்டும் மறைக்கிறார்கள்!"

"எங்க காப்பி கொஞ்சமாத்தான் தடுக்கும்!"

"ஆஹா, ஒத்துக்கிட்டான்! ஒத்துக்கிட்டான்!"

எல்லாரும் சிரித்தார்கள். ப்ரியா மட்டும் சிரிக்கவில்லை. மஞ்சள் பூப்போட்ட கோப்பை அவள் கண் முன்னால் வந்து நின்றது. அதன் பக்கத்தில் மாத்திரை.

"இரு சுரேகா," என்றாள். நடுவர் பேச்சு மறந்து வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "பால் போட்ட தேயா, பால் போடாத தேயா? எது தடுக்கும்?"

"பால் போடாட்டியும் தடுக்கும். தடுக்கிறது தேயிலைதான்."

"அப்ப கோப்பி ஓ?"

"அதுவும்தான்," என்று ரிஷி முணுமுணுத்தான்.

மணியடிக்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "நடுவர் தீர்ப்பு சொல்லலாம்."

ப்ரியா நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். இரண்டு அணிகளும் அவள் வாயையே பார்த்தன.

"தீர்ப்பு தள்ளிவைக்கப்படுகிறது!"

"என்னாது?" வகுப்பே கொதித்தது.

"ஏம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"ரெண்டு அணியும் ஒரே குற்றத்த ஒத்துக்கிட்டாங்க டீச்சர். நான் ஒருத்தங்ககிட்ட கேட்டுட்டு வந்துதான் தீர்ப்பு சொல்ல முடியும்."

*

சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். ப்ரியா பக்கத்தில் போய் உட்கார்ந்து, வகுப்பில் கேட்டதைச் சொன்னாள்.

அம்மா ஒரு சட்டையைப் பாதி மடித்தபடி நிறுத்தினார். "பால்தானே கூடாதுன்னு மிஸ்ஸி சொன்னாங்க?"

"தேயப் பத்தி கேட்டீங்களாம்மா?"

"அத எதுக்குக் கேக்கணும்? பால் இல்லாத தே வெறும் தண்ணி மாதிரிதானே." சொல்லிவிட்டு அம்மாவே யோசித்தார். "என்னம்மா இது! குரு ஒண்ணு சொல்றான். பூமணி ஆன்டி ஒண்ணு சொல்றாங்க. இப்ப உன் க்ளாஸ் பிள்ளைங்க வேறயா? நான் யார் சொல்றதத்தான் கேக்குறது?"

அது ப்ரியாவுக்கும் தெரியவில்லை. சித்தப்பாவின் வீடியோ தப்பாக இருக்கலாம் என்றால், சுரேகா படித்ததும் தப்பாக இருக்கலாமே! எது உண்மை என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

"நாளைக்கு நானும் கிளினிக்குக்கு வரேம்மா. மிஸ்ஸிகிட்டயே கேட்டுடுவோம்."

"சரி. ஆனா அப்பாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. பாவம், மனசு கஷ்டப்படுவாரு."

மறுநாள் காலை அப்பா தே ஓவோடு வந்தார். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அம்மா ப்ரியாவைப் பார்த்தார். ப்ரியா மைலோவுக்குள் பார்த்தாள். அப்பாவின் சிரிப்பைப் பார்த்தபிறகு அந்தக் கோப்பையைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. அம்மா குடித்து முடிக்கும்வரை அவளுக்கு ரொட்டியும் இறங்கவில்லை.

*

அப்பா பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, பள்ளி முடிந்ததும் ப்ரியாவையும் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

மிஸ்ஸியின் பெயர் புஷ்பவல்லி. அவர் அம்மாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு ப்ரியாவின் கையைப் பிடித்தார். ப்ரியாவின் விரல்கள் நசுங்கின. அவள் "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை.

மிஸ்ஸி சின்னக் கருவியைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஏறலையே. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"ஒருநாள் விட்டதில்ல மிஸ்ஸி," என்றார் அப்பா. "நானே கையில எடுத்துக் குடுக்குறேன்."

"அப்புறம் ஏன்? சரி, டாக்டர்கிட்ட சொல்றேன். வார்டுக்குத்தான் எழுதுவாங்க."

அம்மா ப்ரியாவின் கையை மறுபடியும் இறுக்கிப் பிடித்தார். ப்ரியாவின் நெஞ்சு, சித்தப்பாவின் வீடியோவில் சொன்னதுபோல, காப்பி குடிக்காமலேயே படபடவென்று அடித்தது.

"மிஸ்ஸி," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "மாத்திரைய தே ஓவோட சாப்பிடலாமா?"

மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தார். "தே ஓவோடயா?"

"சில நாள் கோப்பி ஓவோட."

"அய்யய்யோ! ரெண்டும் வேணாம்மா. ரெண்டுமே இரும்பு உடம்புல சேர்றதத் தடுக்கும். மாத்திரை ஒரு பக்கம் உள்ள போகும், இது ஒரு பக்கம் பிடிச்சு வச்சுக்கும்." மிஸ்ஸி அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு இப்படிச் சாப்பிடச் சொன்னது?"

அப்பாவின் தலை மெல்லத் தாழ்ந்தது. காது மடல்கள் சிவந்துவிட்டன. ப்ரியாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. அப்பாவை அப்படிப் பார்க்க அவளால் முடியவில்லை.

"நாங்க எல்லாரும்தான் மிஸ்ஸி," என்றாள் சட்டென்று. "பால் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதனால பால எடுத்துட்டா போதும்னு நெனச்சுட்டோம். அப்பா பால் டின்ன உச்சித் தட்டுல ஒளிச்சுக்கூட வச்சாரு. எங்க யாருக்கும் எட்டாது."

மிஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க பாலப் பத்திக் கேட்டீங்க, நானும் பாலப் பத்தி மட்டும் சொல்லிட்டேன். எதோட சாப்பிடுறீங்கன்னு நானும் கேட்டிருக்கணும்." அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "இனிமே வெறும் தண்ணியோட குடுங்கண்ணே. எலுமிச்சை, அதான் லீமாவ் புழிஞ்சு, அந்த ஜூஸோட குடுத்தா இன்னும் நல்லது, இரும்பு சீக்கிரம் சேரும். தே, கோப்பி எல்லாம் மாத்திரை சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு. அதுவும் வயித்துல பிள்ள இருக்கறப்ப ஒரு சின்னக் கோப்பை போதும்."

மிஸ்ஸி உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார். "காரணம் தெரிஞ்சிடுச்சு, அதனால இன்னும் ஒரு தடவ பாக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஆனா அப்பவும் ஏறலைனா வார்டுதான், சரியா?"

மூன்று பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். கதவுவரை போன அப்பா திரும்பி வந்தார்.

"மிஸ்ஸி, ஒரே ஒரு கேள்வி. பொதுவா உடம்புக்கு எது நல்லது? தேயா, கோப்பியா?"

"அண்ணே, வெளியில எத்தன பேரு காத்திருக்காங்க பாத்தீங்களா?" என்றார் மிஸ்ஸி.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா வழக்கத்தைவிட நிதானமாக வண்டி ஓட்டினார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, "நாந்தானே தெனமும் போட்டுக் குடுத்தேன்," என்றார் மெதுவாக. "நல்லதுன்னு நெனச்சு நானே தடுத்துட்டேன்."

"தடுத்தது தேயிலப்பா, நீங்க இல்ல," என்றாள் ப்ரியா பின்சீட்டிலிருந்து. "சரி, நாளைக்கு லீமாவ் ஜூஸ் யார் போடுறது? நான் போட்டா கொட்டையெல்லாம் விழும். அம்மா திட்டுவாங்க."

அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பாசார் பக்கம், காய்கறிச் சந்தைக்குத் திருப்பினார். அன்று அவர் வாங்கிய லீமாவை ஒரு கல்யாண வீட்டுக்கே கொடுத்திருக்கலாம்.

*

அதன்பிறகு பள்ளியில் நடுவரை யாரும் நிம்மதியாக விடவில்லை.

"தீர்ப்பு எங்க?" என்று ரிஷி கேட்பான். "சாட்சியம் இன்னும் வரல," என்பாள் ப்ரியா. ரிஷி புது அழிப்பான் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தான். அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சுரேகா முறுக்கு கொடுத்தாள். அதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் அதற்குள் தின்று முடித்துவிட்டாள்.

வீட்டில் அப்பா தினமும் லீமாவ் பிழிந்தார். ஒவ்வொரு கொட்டையையும் கரண்டியால் எடுத்துப் போட்டார். குரு சித்தப்பாவின் வீடியோக்கள் வந்துகொண்டே இருந்தன. அப்பா பார்த்தார், ரசித்தார், ஆனால் கோப்பையை மாற்றவில்லை. பூமணி ஆன்டி எட்டிப் பார்த்து, "கோப்பி குடிக்கலையா?" என்று கேட்டால், "பத்து மணிக்கு மேல ஆன்டி, மிஸ்ஸி உத்தரவு!" என்பார்.

ஆனாலும் ப்ரியாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. அம்மாவின் கன்னம் கொஞ்சம் சிவந்ததுபோல் தெரிந்தது. வெயிலால் இருக்குமோ? நேற்று அம்மா பாட்டுப் பாடினார். சும்மா பாடியிருப்பாரோ? ஒவ்வொரு நாளும் அவள் அம்மாவை உற்று உற்றுப் பார்த்தாள். "என் மூஞ்சில என்ன எழுதியா இருக்கு?" என்று அம்மா விரட்டினார்.

சில வாரங்கள் கழித்து, கடைசியில் பரிசோதனை நாள் வந்தது. மறுபடியும் ஒரு சொட்டு ரத்தம். மறுபடியும் ப்ரியாவின் விரல்கள் நசுங்கின. மிஸ்ஸி கருவியைப் பார்த்தார். இந்தத் தடவை உதட்டைப் பிதுக்கவில்லை.

"ஏறுது! நல்லாவே ஏறுது!" என்றார். "வார்டு வேணாம். இப்படியே தொடர்ந்து சாப்பிடுங்க."

அம்மா அங்கேயே ப்ரியாவைக் கட்டிக்கொண்டார். வயிற்றுப் பாப்பா நடுவில் இருந்ததால் சரியாகக் கட்டிக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் ப்ரியாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஃபிளாட்டுக்கு வந்தபோது லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. அப்பா வண்டியிலிருந்து முக்காலியை எடுத்தார். முதல் மாடியில் ஓடிப்போய்ப் போட்டார். அம்மா உட்காரவில்லை, மெதுவாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தார். அப்பா முக்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஓடினார். அங்கேயும் அம்மா உட்காரவில்லை. மூன்றாம் மாடியில் முக்காலியைப் போட்டுவிட்டு அப்பாவே அதில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"முடியலடா சாமி!" என்று மூச்சு வாங்கினார். "நடுவர் அம்மா, நாளைக்காவது க்ளாஸ்ல தீர்ப்பு சொல்லுவீங்களா?"

ப்ரியா படியில் நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமினாள். "காப்பி அணி சொன்னது சரி. தேநீர் அணி சொன்னதும் சரி. அளவோடு குடித்தால் இரண்டுமே நல்ல பிள்ளைகள்தான். ஆனால் இரும்பு மாத்திரை உள்ளே வரும்போது, இரண்டு அணிகளும் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும்!"

"இதுல யாரு ஜெயிச்சா?"

"லீமாவ் ஜூஸ்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க? நான் வீட்டுக்கே வந்துட்டேன்!"

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ப்ரியா அவர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு, முக்காலியைத் தன் தோளில் தூக்கிக்கொண்டாள்.

"மெதுவா வாங்கப்பா. இன்னும் ஒரு மாடிதான். முடியலைன்னா சொல்லுங்க, நான் போடுறேன்."